இருட்டுக் கொழும்பும் சட்டைப்பைக் கமராவும்: ஐந்து பின்னேரங்கள்

நாள் 1: காலிமுகத்திடல்

கொழும்பில் அந்தி நீடிப்பதில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கும் ஊர் இது. சூரியன் சரிந்து சரிந்து போகாமல் கிட்டத்தட்ட நேராகவே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. இந்த நவம்பர் நாட்களில் 5.50 அளவில் மறைந்தால், 6.20க்கு வானத்து நீலம் முடிந்து கறுப்புத்தான் மிச்சம். குளிர்நாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகளில் அந்த நீல வெளிச்சத்துக்கு முக்கால் மணி நேரம் இருப்பதாகப் போட்டிருக்கும். இங்கே கிடைப்பது இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. அதற்குள் மெனுவைத் தட்டித் தேடிக்கொண்டு நிற்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்தரைக்கு முன்னம், கமராவைத் தயார்படுத்தி வைத்துவிட வேண்டும்.

இந்த ஐந்து பின்னேரங்களுக்கும் பையில் இருப்பவை இரண்டு கமராக்கள். ஒன்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி வீட்டுக்கு வீடு இருந்த வகை: 1/2.3 அங்குல சென்சர், எஃப் 3.3இல் தொடங்கும் ஸூம் லென்ஸ் (எஃப் எண் லென்ஸின் வாய் அகலத்தைச் சொல்வது; எண் குறையக் குறைய வாய் பெரிது). மற்றது 1 அங்குல சென்சரும் எஃப் 1.8 லென்ஸும் உள்ளது. சோனி ஆர்எக்ஸ் 100, கெனன் ஜி7எக்ஸ் எல்லாம் இந்த இனம். இரண்டுமே சட்டைப்பைக்குள் போகும். ஆனால் முதலாவதின் சென்சர் 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. இரண்டாவது 13.2க்கு 8.8, பரப்பில் நான்கு மடங்கு. லென்ஸின் வாயும் அகலம் என்பதால் அதற்குமேல் இன்னொரு மூன்று மடங்கு ஒளி உள்ளே போகிறது. இரண்டையும் பெருக்கினால் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு வித்தியாசம். இருட்டில் எடுக்கவென்று கமரா வாங்கப் போகிறவர் கடையில் மெகாபிக்சலைக் கேட்கத் தேவையில்லை. சென்சர் எவ்வளவு, லென்ஸ் எஃப் எத்தனை என்று கேட்டால் போதும். பழைய கமரா கையில் இருப்பவர் அதைத் தூக்கி எறியவும் தேவையில்லை. அதை அசையாமல் வைக்கத் தெரிந்தால் அதுவும் நல்ல படம் தரும்.

இருட்டில் சின்னக் கமரா கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இருட்டு அல்ல. எல்லா முடிவையும் அதனிடமே விட்டுவிடுவதுதான். ஓட்டோ மோட்டில் விட்டால் முதலில் பிளாஷை அடிக்கும். பிளாஷை நிறுத்தினால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சரின் ஒளி உணர்திறனை, 1600, 3200 என்று ஏற்றிப் படத்தை மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக்கும். அதுவும் போதாவிட்டால் ஷட்டரைக் கால் செக்கன் திறந்து வைக்கும், கை ஆடிவிடும். ஆகவே இந்த மூன்றையும் அதன் கையிலிருந்து பறிக்க வேண்டும்.

டயலை ‘பி’க்கு (புரோகிராம் மோட்) திருப்புங்கள். பிளாஷை மூடுங்கள். ஐஎஸ்ஓவுக்கு மேல் எல்லை வையுங்கள்: பழைய சிறு சென்சருக்கு 400, கட்டாயம் என்றால் 800, 1 அங்குலத்துக்கு 1600, கட்டாயம் என்றால் 3200. சில கமராவில் ‘ஓட்டோ ஐஎஸ்ஓ’ மெனுவுக்குள் இந்த எல்லையைக் குறிக்கலாம். இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை நேரே 400இல் பூட்டிவிடுவதே நல்லது. அடுத்தது ஸூம்: தொடக்கூடாது. எஃப் 3.3இல் தொடங்கும் லென்ஸ் முழு ஸூமில் எஃப் 6.3 ஆகிவிடும், உள்ளே வரும் ஒளி கால்வாசியாகக் குறையும். முதல் ஆர்எக்ஸ் 100இல் இன்னும் மோசம்: எஃப் 1.8இலிருந்து எஃப் 4.9, ஏழில் ஒரு பங்கு. கிட்டத்தில் வேண்டுமென்றால் நடந்து கிட்டப் போங்கள்.

லென்ஸை முழுதாகத் திறந்தால் பின்னால் இருப்பது மங்கிவிடும் என்று பெரிய கமராக்காரர் பயப்படுவார்கள். சின்னக் கமராவுக்கு அந்தப் பயம் தேவையில்லை. 1 அங்குல சென்சரில் அகலக் கோணத்தில், எஃப் 1.8இல், நான்கு மீற்றர் தூரத்தில் போகஸ் வைத்தால் இரண்டு மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். பழைய சின்னனில் ஒன்றேகால் மீற்றரில் வைத்தாலே அரை மீற்றர் சொச்சத்திலிருந்து எல்லாம் தெளிவு. இருட்டில் இது பெரிய கொடுப்பினை.

திடலில் சூரியன் விழும் பத்து நிமிடமும் சனம் முழுக்கக் கடலைத்தான் எடுக்கும். அது எந்தக் கமராவும் எடுக்கும் படம். சூரியன் போனபின் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பாருங்கள். வானத்து நீலமும் தள்ளுவண்டி பல்புகளின் மஞ்சளும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்து நிற்கும் நேரம் அது, 6.05இலிருந்து 6.15 வரை. அதற்கு முந்தினால் பல்பு எடுபடாது. பிந்தினால் வானம் கறுத்துப் பல்பு வெடித்துத் தெரியும்.

இறால் வடை வண்டி ஒன்றைக் கிட்டப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வடைகள் வட்டமாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் சிவந்த இறால். மேலே மூடியில்லாத ஒரு பல்பு தொங்கும். அந்த ஒற்றைப் பல்புதான் வடையின் எண்ணெய் மினுக்கத்தையும் விற்பவரின் ஒரு பக்கக் கன்னத்தையும் காட்டுகிறது. இதில் கமரா இரண்டு விதமாக ஏமாறும். பல்பு படத்துக்குள் நின்றால் “வெளிச்சம் கூட” என்று நினைத்து முகத்தை இருட்டாக்கும்; அப்போது வெளிச்ச ஈடு (+/−) பொத்தானில் கூட்டல் 2/3 வையுங்கள். பல்பு வெளியே போய்ப் பின்னால் இருண்ட கடல் வந்தால் “வெளிச்சம் குறைவு” என்று நினைத்து இரவைப் பகலாக்கும். அப்போது கழித்தல் 2/3, சில நேரம் கழித்தல் 1. வடையின் மேல் குறிவைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு படச் சட்டத்தை மாற்றி முழுதாக அழுத்துவது இன்னும் நம்பகமான வழி. 1 அங்குலக் கமராவில் எஃப் 1.8, ஷட்டர் 1/50 செக்கன், ஐஎஸ்ஓ 400 சுற்றிவரக் கிடைத்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள். விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு வடையும் வாங்குங்கள்.

பிளாஷ் ஒரே ஒரு இடத்தில் உதவும்: கடலைப் பின்னால் விட்டு ஆளை எடுக்கும்போது. மெனுவில் ‘ஸ்லோ சிங்க்’ அல்லது நட்சத்திரமும் ஆளும் போட்ட இரவு உருவப்படக் குறி இருக்கும். பிளாஷின் வலிமையைக் கழித்தல் 1க்கு இறக்கி, வெள்ளை ரிசுத் தாள் ஒரு மடிப்பைப் பிளாஷின் மேல் பிடியுங்கள். ஆள் இரண்டு மீற்றருக்குள் நிற்க வேண்டும். அடித்தபிறகும் ஷட்டர் திறந்திருக்கும், ஆகவே ஆள் உடனே அசையக்கூடாது என்று முன்னமே சொல்லிவிடுங்கள். காற்றில் கடல் தூவானம் இருந்தால் பிளாஷே வேண்டாம். சின்னக் கமராவில் பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு துளியும் வெள்ளை உருண்டையாகப் படத்தில் மிதக்கும்.

திடலை விட்டு வெளிக்கிடும்முன் லென்ஸைப் பாருங்கள். உப்பு ஈரம் படிந்து மங்கல் பூத்திருக்கும். இதற்கும் விரல் எண்ணெய்க்கும்தான் பல்புகளைச் சுற்றி நீண்ட கோடுகள் இழுபடுகின்றன. பலர் கமரா பழுது என்று நினைப்பது இதைத்தான். லேசாக நனைத்த மென்துணியால் ஒரு தரம், உலர்ந்த துணியால் ஒரு தரம். லென்ஸ் வெளியே நீண்டிருக்கும்போதே குழாயின் பக்கங்களையும் துடைத்துவிட்டு, பிறகுதான் கமராவை நிறுத்த வேண்டும். ஒரு மணல் துணுக்கு குழாயோடு உள்ளே போனால் அடுத்த முறை லென்ஸ் பாதியில் சிக்கி நிற்கும்.

நாள் 2: புறக்கோட்டை, செட்டியார் தெரு

புறக்கோட்டைக்கு நேரத்தோடு போக வேண்டும். கடைகள் பின்னேரமே இறங்கத் தொடங்கிவிடும், பிறகு எடுக்க இருப்பது பூட்டிய தகரக் கதவுகள்தான். ஐந்து மணிக்கே குறுக்குத் தெருக்களில் மேலே கட்டிய தார்ப்பாய்களுக்குக் கீழ் அந்திதான்.

இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல், ஜாமிஉல் அல்ஃபார், 1909இல் கட்டி முடிந்தது. சிவப்பும் வெள்ளையுமாக வரியோடும் கட்டடம். இங்கே வரும் சிக்கல் இரண்டு. தெரு ஒடுக்கம், பின்னால் போக இடமில்லை; கமராவை நிமிர்த்தினால் தூண்களெல்லாம் மேலே கூம்பும். நெடுக்காகப் பிடித்து, நிமிர்த்தாமல், கீழே தெருவும் வண்டியும் விழுந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். இரண்டாவது, சிவப்பு. விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு நிறம் மற்ற நிறங்களுக்கு முந்தி நிரம்பி வழிந்துவிடும். திரையில் படம் அழகாகத் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் செங்கல் வரிகள் கரைந்து ஒரே சிவப்புத் தாளாக இருக்கும். கழித்தல் 2/3 வைத்து எடுங்கள். கமராவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் வசதி இருந்தால் சிவப்பை மட்டும் பாருங்கள், அது வலது சுவரில் முட்டக்கூடாது. இருட்டில் திரையை நம்புவது எப்போதும் ஆபத்து. கண் இருட்டுக்குப் பழகியிருக்கும்போது மங்கல் படமும் பளிச்சென்றுதான் தெரியும். திரை வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கி வைத்துவிடுங்கள்.

இந்தப் பகுதியில் ஆளை அதிகம் குழப்புவது வேறொன்று. ஒரே கடையை, ஒரே அளவில், மூன்று முறை எடுத்தால் மூன்றும் மூன்று விதமாக வரும்: ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு, ஒன்று மஞ்சள். கமராவில் பிழையில்லை. இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பழைய ரியூப் லைட்டும் மலிவு எல்ஈடி பல்பும் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/250இல் எடுத்தால் அந்த அலையின் ஏற்றமோ இறக்கமோ மட்டும்தான் அகப்படும். 1/100இல் சரியாக ஒரு முழு அலை. 1/50இல் இரண்டு, 1/25இல் நான்கு. இந்த மூன்றில் ஒன்றில் நின்றால் படத்துக்குப் படம் மாறாது. அகலக் கோணத்தில் கையில் பிடித்து எடுக்கவும் 1/25, 1/50 தோதான வேகங்கள்தான். 60 ஹெர்ட்ஸ் நாட்டு ஆலோசனைகளில் வரும் 1/60ஐ இங்கே கொண்டுவர வேண்டாம். மெனுவில் வீடியோவுக்கு ‘பால்’, ‘என்டிஎஸ்சி’ என்று கேட்டால் பாலைத் தெரியுங்கள்.

ஷட்டர் சத்தம் வேண்டாமென்று மௌன ஷட்டரைப் போட்டவர்களுக்கு இன்னொரு வினை காத்திருக்கும். படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டைகள். மௌன ஷட்டர் சென்சரை வரி வரியாக வாசிக்கிறது. ஒரு வரி வாசிக்கும்போது பல்பு ஏறியிருக்கும், அடுத்த வரிக்கு இறங்கியிருக்கும். லென்ஸுக்குள் இருக்கும் சாதாரண இலை ஷட்டர் முழுப் படத்தையும் ஒரே தரமாகத் திறப்பதால் பட்டை விழாது, மொத்த வெளிச்சம்தான் மாறும். எல்ஈடி விளம்பரப் பலகை இருக்கும் தெருவில் மௌன ஷட்டரை நிறுத்திவிடுவதே வழி.

செட்டியார் தெரு வெளிச்சத்தில் வேறு உலகம். நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை விளக்கு கொட்டுகிறது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவர் முகத்தில் ஐஎஸ்ஓ 200 போதும். தெரு விளக்கு ஒரு நிறம், கடை விளக்கு ஒரு நிறம், வானம் இன்னொரு நிறம். வெண்சமநிலையை, அதாவது எதை வெள்ளையாகக் கொள்வது என்பதை, ஓட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடிவு எடுக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் கடை வெளிச்சத்தில் பிடித்து ‘கஸ்டம்’ வெண்சமநிலை குறித்துக்கொண்டால் தங்கம் தங்கமாக வரும். வெளியே தெரு கொஞ்சம் மஞ்சளாகட்டும், அதுதான் தெரு. கண்ணாடிக்கு வெளியே நின்று நகையை எடுக்க வேண்டுமானால், கடைக்காரர் சம்மதித்தபின், லென்ஸ் விளிம்பைக் கண்ணாடியோடு மெதுவாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் போகும் பஸ்ஸின் பிரதிபலிப்பு ஒழிந்துவிடும், கமராவுக்கும் ஒரு சாய்வு கிடைக்கும்.

ஆடி வேல் விழாவில் தேர் வெளிக்கிடுவது இந்தத் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்துதான், போய்ச் சேருவது பம்பலப்பிட்டி. அந்த நாளில் எடுக்க வருபவர் இப்போதே வந்து எந்தத் திண்ணை உயரம், எந்த விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்திருப்பது நல்லது.

திரும்பும் வழியில் நாட்டாமிகள், சுமை தூக்கும் தொழிலாளர். மூட்டை ஏற்றிய கைவண்டியை இருவர் தள்ள ஒருவர் இழுக்க, நெரிசலைக் கிழித்துக்கொண்டு போவார்கள். இருட்டில் இந்த ஓட்டத்தை உறைய வைக்கச் சின்னக் கமராவால் ஏலாது. அதை முயன்று மணல் மணலாகக் கெடுப்பதைவிட, 1/15 அல்லது 1/25 வைத்து வண்டியோடு கமராவையும் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், அழுத்தியபிறகும் நிறுத்தாமல் திரும்ப வேண்டும். பத்துக்கு ஒன்றில் இழுப்பவரின் முகமும் தோளில் புடைத்த நரம்பும் தெளிவாக நிற்க, பின்னால் கடை விளக்குகள் கோடாக ஓடும். அந்த ஒன்றுக்காக ஒன்பதை அழிக்கலாம்.

கையில் பிடித்தபடி எடுக்கும் ‘இரவு’ மோட் பற்றிப் பலர் கேட்பார்கள். கமரா கடகடவென்று நாலைந்து படம் எடுத்து ஒன்றாக அடுக்கித் தரும், சோனியில் ஆறு. அடுக்கும்போது மணல் குறைகிறது. பள்ளிவாசல் போன்ற கட்டடத்துக்கு அருமை. புறக்கோட்டைச் சனத்துக்கு உதவாது. நடப்பவருக்கு இரண்டு கால் நான்காகும், அல்லது அவர் இருக்கும் இடத்தில் மட்டும் மணல் அப்படியே நிற்கும்.

நாள் 3: கொச்சிக்கடை

பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தது. வெளியே வெயில் எரியும்போதும் உள்ளே அந்திதான். கருங்கல் ஒளியைத் தின்கிறது. சுண்ணாம்புச் சுவர்போலத் திருப்பி எறியாது. ஆகவே தூணுக்குத் தூண் இருட்டு அடர்ந்து போகிறது.

உள்ளே போகும்முன் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று அவர்கள் சொல்வதே சட்டம். மூலஸ்தானத்தை நோக்கிக் கமரா தூக்குவதில்லை. பிளாஷ் மட்டுமல்ல, போகஸ் பிடிக்க எரியும் செம்மஞ்சள் சிறு விளக்கையும் மெனுவில் நிறுத்துங்கள்; கும்பிட்டு நிற்பவர் கண்ணில் அது அடிக்கும். பொத்தான் ஒலியையும்.

அந்தச் சிறு விளக்கு இல்லாமல் கமரா போகஸுக்கு அலையும். உள்ளே வெளியே என்று லென்ஸ் ஓடி, கடைசியில் மங்கலிலேயே நிற்கும். வெறும் கல்லில் அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பைக் கொடுங்கள்: தூணின் ஓரம், தூண்டாமணி விளக்கின் சங்கிலி, வேட்டியின் கரை. எடுக்க விரும்புவதும் அந்த விளிம்பும் ஒரே தூரத்தில் இருந்தால் போதும். பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பி எடுங்கள். கைப் போகஸ் உள்ள கமராவானால், முதல் நாள் சொன்ன நான்கு மீற்றரில் பூட்டிவிட்டு அந்தக் கவலையை மறந்துவிடலாம்.

இங்கே அளவு இப்படி வரும்: எஃப் 1.8, 1/25, ஐஎஸ்ஓ 800 தொடக்கம் 1600. பழைய எஃப் 3.3 கமராவுக்கு இதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 800 வைத்தால் 1/8, சில மூலையில் 1/4. கை தனியே நிற்காது. தூணில் தோளைச் சாய்த்து, இரு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, கமராப் பட்டியைக் கழுத்தில் போட்டு அது விறைக்கும்வரை கமராவை முன்னே தள்ளிப் பிடியுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, தொடர் மோட்டில் மூன்று படம். முதலாவதில் பொத்தானை அழுத்திய உதறல், மூன்றாவதில் விரலை எடுத்த உதறல். நடுவில் உள்ளது அநேகமாக நன்றாக இருக்கும். கமராவுக்குள் இருக்கும் அசைவுத் தடுப்பு உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் பிடிக்கும். எதிரில் இருப்பவர் திரும்பினால் அது ஒன்றும் செய்யாது.

தீபாராதனை நேரம். மணி முழங்க, கற்பூரம் ஏற்றிய தட்டு சனத்துக்கு நடுவே வருகிறது. அதுவரை இருட்டில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கீழிருந்து பொன்னிறமாக எழும்புகின்றன. சுவாலைக்கு மேல் இரண்டு உள்ளங்கைகள், விரல் இடுக்குகளில் சிவப்பு. சட்டத்துக்குள் எடுக்க வேண்டியது அந்தக் கைகள்தான், சுவாலை அல்ல. வெளிச்ச அளவை, ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ‘ஸ்பொட்’டுக்கு மாற்றி, கன்னத்திலோ உள்ளங்கையிலோ எடுத்துப் பூட்டுங்கள். சுவாலையின் நடு வெண்மையாக வழிந்தாலும் குற்றமில்லை, கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரிகிறது. வெண்சமநிலையை ‘பகல் வெயில்’ குறியில் வைத்துவிடுங்கள். ‘குண்டு பல்பு’ குறியில் வைத்தால் கமரா அந்தப் பொன்னிறத்தைப் பிழையென்று எண்ணிக் கழுவிவிடும். தீபத்தின் நிறம் போனால் அந்தப் படத்தில் என்ன மிச்சம்?

தட்டு உங்களிடம் வரும்போது கமராவை இறக்கிவிடுங்கள்.

நாள் 4: பேரை வாவி, தாமரைக் கோபுரம்

மூன்றரைக்குத் தொடங்கிய மழை ஐந்தரைக்கு விட்டது. மழை விட்ட பின்னேரம் இருட்டுப் படத்துக்கு நல்ல பின்னேரம்: நனைந்த தார் றோட்டு ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்குகிறது. ஆனால் ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் மூச்சு விட்டதுபோல ஈரம் படரும். துடைத்தால் திரும்ப வரும். குளிர்ந்த கண்ணாடி வெளியுலகச் சூட்டுக்கு வரும்வரை அது நிற்காது. வெளிக்கிட அரை மணி முந்தி, ஸிப் பையில் இறுகப் பூட்டியபடியே கமராவை வெளி வராந்தாவில் வைத்துவிடுங்கள். ஈரம் பையில் படியும், கமராவில் அல்ல. தூறல் இருந்தால் மெல்லிய பொலித்தீன் பையில் லென்ஸ் அளவுக்கு ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு றப்பர் வளையம்.

இன்றைக்கு வேலை முழுக்க நீண்ட ஷட்டர். அதற்கு ட்ரைபொட் கட்டாயமில்லை. அரைக் கிலோ பயறு, அது கொள்ளும் ஒரு துணிப்பை, வாயைத் தைத்துவிடுங்கள். அரிசியைவிடப் பயறு உருண்டு இடம் கொடுக்கும், கமராவை எந்தச் சரிவிலும் பதித்து வைக்கலாம். வாவிக் கரைக் கட்டு, பாலத்துக் கைப்பிடி, எதுவும் போதும். கட்டு இல்லாத இடத்துக்கு ஒரு நூல்: ஹார்ட்வெயார் கடையில் கால் அங்குல போல்ட் ஒன்று வாங்கி, இரண்டு மீற்றர் நைலோன் நூலைக் கட்டிக் கமராவின் அடியில் இருக்கும் ட்ரைபொட் ஓட்டையில் திருகுங்கள். நூலின் மறுமுனையைக் காலால் மிதித்து, மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கமரா மேலும் கீழும் ஆடாது. ஷட்டரை இரண்டு மடங்கு, பழக்கமானால் நான்கு மடங்கு நீட்டலாம். போல்ட் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. நட் ஒன்றைப் போட்டு நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் கமராவின் அடியைத் துளைத்துவிடும்.

கமராவைப் பயறுப் பையில் வைத்தபின்: அசைவுத் தடுப்பை நிறுத்துங்கள், ஐஎஸ்ஓவை மிகக் குறைந்த எண்ணுக்கு, 100 அல்லது 125க்கு, இறக்குங்கள், இரண்டு செக்கன் சுயநேரத்தைப் போடுங்கள். விரல் அழுத்திய ஆட்டம் அந்த இரண்டு செக்கனில் அடங்கிவிடும். பழைய 1/2.3 அங்குலக் கமரா இந்த இடத்தில் தலை நிமிர்த்தும். ஐஎஸ்ஓ 100இல் அசையாமல் எடுத்த அதன் படம், ஐஎஸ்ஓ 3200இல் கையில் எடுத்த விலை கூடிய கமராவின் படத்தை எளிதாக வெல்லும்.

தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு மேல் உயரம். பொதுமக்களுக்குத் திறந்தது 2022 செப்டெம்பரில். அடியில் நின்றால் கழுத்துத்தான் வலிக்கும். வாவியின் எதிர்க் கரையிலிருந்து எடுத்தால் தண்ணீருக்குள் இன்னொன்று கிடைக்கும். நீலம் இருக்கும்போது எஃப் 4, ஒரு செக்கன், ஐஎஸ்ஓ 100இல் தொடங்குங்கள். கோபுரத்து விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஷட்டர் நாலைந்து செக்கனுக்கு நீண்டால் ஊதாவும் பச்சையும் கலந்து சாம்பலாகிவிடலாம். ஒரு நிறம் தங்கி நிற்கும் நேரத்தைப் பார்த்து, அதற்குள் முடிகிற ஷட்டரை வையுங்கள். எஃப் எண்ணை 8க்கு மேல் ஏற்ற வேண்டாம், சிறு சென்சரில் எஃப் 5.6இலேயே கூர்மை மழுங்கத் தொடங்கிவிடும்.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமமாலகய என்ற பௌத்த வழிபாட்டிடம் இதே வாவியில்தான் மிதப்பதுபோல் நிற்கிறது. அங்கே காற்று அடங்கக் காத்திருப்பது மட்டும்தான் நுட்பம்.

வாகனக் கோடுகளுக்கு எஃப் 8, நான்கு செக்கன், ஐஎஸ்ஓ 100. கோடு நீளம் போதாவிட்டால், ஜி7எக்ஸ், மூன்றாம் ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் உள்ளேயே இருக்கும், ஒளியைக் குறைக்கும் ‘என்டி’ வடியைப் போட்டு முப்பது செக்கன் வரை போகலாம். ஒரு செக்கனுக்கு மேல் எடுத்ததும் திரை கறுத்து ‘பொறு’ என்று சொல்லும், பயப்பட வேண்டாம். ஷட்டரை மூடியபடி அதே நேரத்துக்கு இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, சூட்டில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை அதை வைத்துக் கழிக்கிறது. பதினைந்து செக்கன் படத்துக்கு முப்பது செக்கன். நடுவில் கமராவை நிறுத்தினால் படம் போய்விடும். வழமையாக இருநூறு படம் தாங்கும் பற்றரி இந்த மாதிரிப் பின்னேரத்தில் பாதியிலேயே சோரும், இரண்டாவது பற்றரி கட்டாயம்.

நாள் 5: வெள்ளவத்தை

கடைசி நாள், மிகவும் வெளிச்சமான இடம். காலி வீதியில் புடவைக்கடையும் சாப்பாட்டுக் கடையும் ஒன்பது மணிக்கும் பளபளக்கின்றன. ஐஎஸ்ஓ 400க்கு மேல் போகத் தேவையே வரவில்லை.

கொத்து ரொட்டிக் கடை முன்னால் நில்லுங்கள். இரண்டு தகடும் கல்லில் விழும் சத்தம் கேட்டு வந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் படத்தில் காட்ட ஆசை வரும். 1/100இல் தகடு கிட்டத்தட்ட உறைந்து நிற்கும், சத்தம் போய்விடும். 1/25இல் கையும் தகடும் விசிறியாக விரியும், முகமும் கல்லில் எழும் ஆவியும் நிற்கும். ஆவி எடுபட அதன் பின்னால் இருண்ட இடம் வேண்டும். கடையின் உட்பக்கத்து வெள்ளைச் சுவரை விட்டுத் தெருவின் இருட்டு பின்னால் வருகிற மாதிரி இரண்டு அடி நகர்ந்தாலே போதும். பல்பைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

‘ரா’வாக, சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுக்க முடிந்த கமராவானால் இந்த ஐந்து நாளும் ராவும் ஜேபெக்கும் சேர்த்தே எடுத்திருக்க வேண்டும். கலப்பு வெளிச்சத்து நிறத்தைப் பிறகு ஆறுதலாகத் திருத்தலாம். பழைய கெனன்களில் பலவற்றுக்கு ‘சிஎச்டிகே’ என்ற மென்பொருளை மெமரி கார்டில் போட்டால் ராவும் நீண்ட ஷட்டரும் கிடைக்கும். கார்டை எடுத்தால் கமரா பழையபடி. ஜேபெக் மட்டும்தான் என்றால், மெனுவில் மணல் நீக்கத்தைக் ‘குறைவு’க்கு வையுங்கள், அது கூடினால் கண்ணிமையும் புடவை நூலும் மெழுகாகிவிடும். மணல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருக்கினால் நான்கு புள்ளி ஒன்றாகி மணலும் பாதியாகும். 20 மெகாபிக்சல் படம் ஐந்தாகும். சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு ஐந்து தாராளம்.

மரைன் டிரைவில் இறங்கினால் றோட்டுக்கும் கடலுக்கும் இடையில் தண்டவாளம். பாதையில் இறங்காமல் றோட்டோரக் கட்டில் பயறுப் பையை வைத்து, போகஸை முன்னமே தண்டவாளத்தில் பூட்டி, எஃப் 4, இரண்டு செக்கன், ஐஎஸ்ஓ 100. இரண்டு செக்கன் சுயநேரம் இருப்பதை மறக்க வேண்டாம். எஞ்சினின் முன்விளக்கு வளைவில் தெரிந்தவுடனே அழுத்தினால், அது சட்டத்தைத் தாண்டிய பிறகு ஷட்டர் திறக்கும். பெட்டிகளின் மஞ்சள் யன்னல்கள் மட்டும் ஒரே நாடாவாக, கடலுக்கு முன்னால்.